விளிம்பில் தங்கும் கை

சேறு, உயர்ந்த சுவர், கயிற்றேற்றம், குளிர்நீர்த் தொட்டி ஆகியவற்றைக் கடந்தபடியே நெடுந்தொலைவு ஓடி முடிக்கும் போட்டி தடை ஓட்டம் எனப்படுகிறது. இவ்வகையில் 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட ‘டஃப் மட்டர்’, முதலில் வருபவர் யார் என்று பாராமல், தம் நேரத்தைவிட உடன் ஓடுபவருக்கு உதவுவதே முதன்மை என்னும் உறுதிமொழியோடு தொடங்குவதால், தலைமைப் பண்பை ஆராய்வோரின் தனிக் கவனத்திற்குரியது.

அதன் புகழ்பெற்ற தடையான ‘எவரெஸ்ட்’, உட்குழிவாக வளைந்து உச்சியில் ஏறத்தாழச் செங்குத்தாகும் வழுக்குச் சரிவாகும்; முன்னே சென்றவர்களின் காலணிச் சேறு அதில் படிந்திருக்க, முழு வேகத்தில் ஓடி ஏறுபவர் விளிம்புக்குச் சற்றுக் கீழே வேகமிழந்து சரியத் தொடங்கும் நொடியில், மேலே குப்புறப் படுத்திருக்கும் ஒருவர் அவரது மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறார். இழுப்பவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். சற்றுமுன் தாமும் அவ்வாறே இழுக்கப்பட்டவர். தலைமை என்பது முன்னே செல்வது மட்டுமே என்னும் பரவலான கருத்து இவ்விடத்தில் போதாமல் போகிறது. பிறர் கையைப் பற்றத் தயங்கும் வலியவர்களுக்கே இத்தடை கடினமான பாடம் என்பதும் கருதத்தக்கது.

ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறிச் சரிவைக் கடக்கும் ‘பிரமிட் ஸ்கீம்’ என்னும் தடையிலோ, அனைவரையும் தாங்கி அடியில் நின்றவர் இறுதியாக ஏறும்போது அவருக்குத் தோள்கொடுக்கக் கீழே எவரும் எஞ்சுவதில்லை. மேலே சென்றோர் திரும்பிவந்து கைகளைத் தாழ்த்தினாலன்றி அவர் ஏற இயலாது.