பிறவித் துயரும் மகவின் உணர்வும்



பிறவி துன்பமுடைத்து என்பது நம் ஆசிரியர் அனைவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கை. மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிற் கருவின் இடர்களைத் திங்கள்தோறும் எண்ணிக் காட்டியருளினார். அத்துன்பம் மகவால் உணரப்படுவதோ அன்றோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் உடம்பின் நிலையை நோக்குவாம். பிறக்கும் வழியிற் சிசுவின் தலையோட்டெலும்புகள் நெருக்குண்டு ஒன்றன்மேலொன்று ஏறுகின்றன; சின்னாளில் மீண்டும் தத்தம் நிலையை எய்துகின்றன. கருப்பையில் நீர் நிறைந்திருந்த நுரையீரல் முதன்மூச்சிற் காற்றை ஏற்கின்றது. இதயத்தின் மேலறைகளுக்கிடையே குருதி சென்ற துவாரம் அடைபடத் தொடங்குகின்றது. தாயின் வெம்மையிற் கிடந்த மேனி நனைந்தவாறே குளிர்காற்றிற் படுகின்றது.

"இத்துணை இடரும் எமக்கு நினைவில்லை, ஆகலின் அஃது உணரப்பட்டதன்று" எனச் சிலர் கூறுப. அது பொருந்தாது. மறத்தல் வேறு, உணராமை வேறு. நேற்றைக் கனவை இன்று மறந்தவன் நேற்றுக் கனாக் கண்டிலன் எனலாமோ?

மருத்துவ உலகும் இப்பிழையினின்று நீங்கக் காலஞ் சென்றது. பச்சிளங்குழவிக்கு நோவு தோன்றாதென்று கருதி, போதிய மயக்கமருந்தின்றி அறுவைசெய்யும் வழக்கம் 1980ஆம் ஆண்டுகள்வரை பலவிடத்தும் இருந்தது. 1987இல் ஆனந்த், ஹிக்கி என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி அக்கருத்துத் தவறென நாட்டிற்று. அதற்குமுன் 1980இல் டிகாஸ்பர், பைபர் என்போர் நிகழ்த்திய சோதனையில், பிறந்து மூன்று நாளுங் கழியாத சிசுக்கள் அன்னையின் குரலைப் பிறர் குரலினின்றும் வேறறிந்து விரும்பின.

இவை சித்தாந்திகளுக்கு வியப்பல்ல. ஆன்மா அறிவுடைப் பொருள். ஆணவத்தான் மறைப்புண்டதேயன்றி அறிவற்றதன்று. கருவிகள் முதிராமையால் விளக்கங் குறையும், அறியுந்தன்மை இல்லையாகாது.

அங்ஙனமாயின் இறைவன் இத்துன்பத்தைக் கூட்டியது கொடுமையன்றோ எனின், அன்று. நெருக்குண்ணுங்கால் சிசுவின் உடம்பிற் சுரக்கும் அட்ரினலின் முதலியனவே நுரையீரலின் நீரை வற்றச்செய்து மூச்சுக்கு வழிசெய்ய உதவுகின்றன. வருத்துவதே வாழ்விக்கின்றது. மறைத்தலும் அருளே எனத் திரோதான சத்தியை நம் நூல்கள் கூறும் உண்மைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 1924இல் ஓட்டோ ராங்க் என்னும் வியன்னா அறிஞர் மாந்தர் அச்சத்திற்கெல்லாம் பிறப்பின் அதிர்ச்சியே வேரென்றார். பிராய்டு 1926இல் அதனை மறுத்துரைத்தார். நமக்கும் அஃது உடன்பாடன்று. அச்சத்தின் வேர் மலம்; பிறப்பு அதன்வழி வந்த விளைவே.

இனி, வினைப்பயன் என்று வாளாவிருத்தல் தகுமோ? தகாது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. எனவே அது முதலிற் சாரும் சார்பு தண்ணளியுடையதாதல் வேண்டும். இடையூறு இல்லாதவிடத்து, மகவைத் துடைத்து உடனே அன்னை மார்பில் மெய்யோடு மெய்படக் கிடத்துக. கொப்பூழ்க்கொடியை ஒரு நிமிடமேனும் பொறுத்தே அறுக்கவேண்டுமென உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகின்றது.

தன் துயரைச் சொல்லமாட்டாத உயிர்க்கு இரங்குதலே சீவகாருணியத்தின் முதற்பாடம். அவ்விரக்கம், அவ்வுயிருக்கு உயிராய் நிற்கும் பெருமானுக்குச் செய்யும் வழிபாடேயாம்.

திருச்சிற்றம்பலம்.