வீட்டோடு ஒரு பட்டறை

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவானது அந்தக் கூட்டால்தான். அதற்கு முன்பே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவே அசோக் லேலண்டு ஆனது. இப்படி ஆலைகளிலேயே பழகிய கைகள், ஓய்வு பெற்ற மறுநாள் சும்மா இருந்துவிடுமா? பி.எஃப். பணத்தில் கல்யாணச் செலவும் கடனும் போக மிஞ்சியதைக் கொண்டு, வீட்டோடு பெரிதாக ஒரு ஷெட் போடும் ஆசை இந்தப் பக்கம் பலருக்கும் உண்டு.

நியாயமான ஆசைதான். மனிதர்களுக்கே இடம் போதாத ஊரில் இரும்புக்கு ஓர் அறையா என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். ஆனால் அறுபதுக்குப் பிறகும் கைக்கு வேலை வேண்டும். பேத்தி அரம் பிடிக்கப் பழகுவதற்கும் ஓர் இடம் வேண்டும்.

எவ்வளவு பெரிதாக? சிறிய கார் ஒன்று 13 அடிக்குள் அடங்கும். கதவு திறந்து ஆள் சுற்றிவரவும், வைஸ் பூட்டிய மேசை போடவும் 20-க்கு 12 அடி இருந்தால் தாராளம். கலிபோர்னியாவில் எச்.பி. நிறுவனத்தை உருவாக்கிய ஹியூலெட்டும் பேக்கார்டும் 1938-ல் வேலை தொடங்கிய கார் ஷெட் 12-க்கு 18 அடிதான்.

கடலோரத்தில் அளவைவிடப் பெரிய கேள்விகள் இருக்கின்றன. துடைத்து எண்ணெய் பூசாமல் வைத்த ஸ்பானரில் உப்புக்காற்று சீக்கிரமே செம்புள்ளி வைத்துவிடும். வண்டிக்கு அடியில் வேலை பார்க்கக் குழி வெட்டலாம் என்றால், நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் அது கிணறாகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள் தேங்கித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஜாக்கியும் உறுதியான ஸ்டாண்டுமே போதும். மின் பலகையைத் தோள் உயரத்துக்கு மேல் வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியம், தண்ணீர் போகும் வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கலந்து வந்து, எர்ணாவூர், எண்ணூர் வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடு போட்டது. படகுகளும் வலைகளும் பிசுபிசுத்தன, மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அது பெரிய ஆலைகளின் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுப் பட்டறையை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு புல்லட்டுக்கு ஆயில் மாற்றினால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கழிவு எண்ணெய் மிஞ்சுகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றினால், அடுத்த மழையில் அது பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் வந்து நிற்கும். அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இதைச் செய்வது மன்னிக்க முடியாதது.

தரையை உயர்த்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. உயர்த்தலாம், ஆனால் சறுக்குமேடை தெருவில் நீண்டு மழைநீர்க் கால்வாயை அடைக்கக் கூடாது. அது சொந்த எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். தளத்தின் சரிவு ஒரு சிறு தொட்டியை நோக்கி இருக்கட்டும். கழிவு எண்ணெயை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். கடைக்கால் தோண்டும் முன், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும், கிரைண்டர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.