நான்கு முழமும் பச்சை ஒளியும்

நம் முனிவர்கள் நடக்கும்போது நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைப்பர். ஈரியா சமிதி எனப்படும் இந்நெறி, சிற்றுயிரும் காலடியில் நசுங்கலாகாது என்னும் கருணையில் பிறந்தது. 2022ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தன் கிடங்குகளுக்கென அறிமுகம் செய்த 'புரோட்டியஸ்' என்னும் தானியங்கி வண்டி, தனக்கு முன்னே தரையில் பச்சை ஒளியைப் பாய்ச்சியவாறு நகர்கிறது. பணியாளர் எவரேனும் அவ்வொளியில் கால் வைத்தால் நிற்கிறது. அவர் விலகியபின் செல்கிறது. முன்னைய இயந்திரங்கள் பெரும்பாலும் வேலியால் பிரிக்கப்பட்டிருந்தன. இதுவோ மனிதரோடு ஒரே தளத்தில் உழைப்பது. இதுவும் ஒரு சமிதியே அன்றோ என வியப்போர் உளர். நாம் அவ்வளவு விரைந்து ஒப்ப இயலவில்லை.

இயந்திரம் புத்கலம். அதற்குக் கருணையும் இல்லை, கொடுமையும் இல்லை, வினைக்கட்டும் இல்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி அமையவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் நேர்வது என்றார். (இன்று பேச்சுவழக்கில் புகழ்ச்சிச் சொல்லாகிவிட்ட 'பிரமாதம்' ஆகமத்தில் கவனமின்மையைக் குறிப்பது.) அவ்வாறாயின், உயிரற்ற பொருள் ஊறு செய்யும்போது அப்பிரமாதம் யாருடையது?

2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனையாக ஓட்டிய தானியங்கிக் கார், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 விநாடி முன்னரே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆயினும் வண்டி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாறி மாறிக் கணித்தனவேயன்றி, நடந்து செல்லும் மனிதர் என அறியவில்லை. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் மக்கள் சாலையைக் கடப்பர் என்பதை அதனை வடிவமைத்தோர் கருத்தில் கொள்ளவில்லை என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஆபத்து வேளையில் தலையிடும் பொறுப்பு உள்ளே அமர்ந்த மேற்பார்வையாளரிடம் விடப்பட்டிருந்தது. அவரோ கைபேசியில் கண் வைத்திருந்தார். துணைவர் இருவர், நோக்கியவர் எவருமிலர்.

2019இல் அரசு வழக்கறிஞர், நிறுவனத்தின்மீது குற்ற வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்றார். 2023இல் மேற்பார்வையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். குற்ற வழக்கு அத்தோடு முடிந்தது. நம் அறநூல்களோ செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றையும் கணக்கில் கொள்வன. சாலையில் மக்கள் எவ்வாறெல்லாம் நடப்பர் என எண்ணிப் பாராமல் இயந்திரத்தை வகுத்தவர், கொல்லும் எண்ணம் சிறிதும் இலராயினும், பிரமாதத்தினின்று நீங்கியவர் ஆகார்.

உடன்படல் என்பது நமக்கும் உரியது. உழவிலும் வணிகத்திலும் நிலைபெற்ற நம் சாவகர், இத்தகைய இயந்திரத்தை வாங்கும் நாளில் விலையையும் விரைவையும் வினவுவர். குனிந்து மூட்டை எடுப்பவரை அது மனிதராக அறியுமா, சோர்ந்து தரையில் அமர்ந்தவரை அறியுமா, ஐயம் எழும்போது நிற்குமா செல்லுமா என்பனவற்றையும் விற்பவரிடம் முதலில் கேட்டறிதல் வேண்டும். அவர் விடையிறுக்கத் தயங்குவாராயின், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வரலாம்.