ஓர் அங்குலம்

1965-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் பானெட்டைத் திறந்தால், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் ஷாக் டவரில், சக்கரத்தை மேலிருந்து பற்றும் அப்பர் ஆர்மைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள் தெரியும். அதே ஆண்டின் மஸ்டாங்கை மாற்றியமைத்த ஷெல்பி ஜி.டி.350-இல் அவை ஓர் அங்குலம் கீழே இருக்கும். அவற்றுக்கு மேலே பழைய துளைகள் வெறுமையாக நிற்கும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் போட்ட கணக்கு அது. வண்டி அதனால் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தாழ்ந்தது. ஆனால் வளைவில் வெளிப்புறமாகச் சாய்ந்துகொண்டிருந்த சக்கரம் நிமிர்ந்து, சாலையை முழுப் பாதத்தால் ஊன்றக் கற்றுக்கொண்டது.

நாம் வண்டியைத் தாழ்த்த ஆசைப்படுவதோ டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து. ஸ்பிரிங்கில் ஒரு சுருளை வெட்டினால் போதும், அந்த அழகு கைகூடிவிடும். கண் அதோடு நிறைவடைகிறது. லோயர் ஆர்மின் சாய்வு மாறியதும், ஸ்டீயரிங் தண்டு வேறொரு வில்லில் அசையத் தொடங்கியதும், பால் ஜாயின்ட் தன் கூட்டின் விளிம்பை நெருங்கியதும் கண்ணுக்கு எட்டாதவை.

வெளிச்சந்தையில் விற்கும் மாற்று ஆர்ம்களைத் தேர்ந்தெடுப்பது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. குழாயில் வளைத்த உருவமும் பளபளக்கும் பூச்சும் பலவற்றிலும் உண்டு. பால் ஜாயின்ட்டின் இருக்கையைப் புதிய உயரத்துக்கேற்பச் சாய்த்திருக்கிறார்களா, இன்றைய ரேடியல் டயர் கேட்கும் காஸ்டரை, அதாவது ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வை, உள்ளேயே வைத்திருக்கிறார்களா என்பதில்தான் ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது. இவ்விரண்டுக்கும் விடை சொல்லாத ஆர்ம், என்ன விலை கொடுத்தாலும், அலங்காரமே.

முன்னோர் செய்ததைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அன்றைய டயருக்கும் அன்றைய செலவுக்கும் கட்டுப்பட்டு அவர்கள் வகுத்த அளவு அது. ஆர்னிங்கே அதை மாற்றினார். ஆயினும், நமக்கு முன் வாழ்ந்த ஒருவர் பல உறவுகளை நிறுத்துப் பார்த்து அமைத்த ஒன்றில், அது வண்டியோ வீடோ குடும்ப வழக்கமோ, நமக்குப் பிடித்த ஒரே ஓர் அளவை மட்டும் மாற்றும்போது, அந்த அளவோடு கண்ணுக்குத் தெரியாமல் பிணைந்திருந்த அனைத்துக்கும் அதுவரை அவர் சுமந்துவந்த பொறுப்பு, கேட்காமலும் அறிவிக்காமலும், நம் கைக்கு வந்து சேர்கிறது.

1966-ஆம் ஆண்டு ஷெல்பிகளில், தொடக்கத்தில் வந்த சில வண்டிகளுக்குப் பின், செலவைக் குறைக்க அந்தத் துளையிடும் வேலையைக் கைவிட்டார்கள். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. செய்வது ஒரே வண்டிக்குத்தான். புதிய ஆர்மைப் பூட்டியபின், ஸ்பிரிங்கை ஏற்றும் முன், சக்கரத்தைக் கையால் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை ஒருமுறை மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள்.