எலிக்கு வைத்த சோறு

நம் ஈரோட்டுக்கு அதிக தூரமில்லாத குன்னூரில், 1920-களில், ராபர்ட் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் எலிகளுக்குப் பந்தி வைத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூட்டத்துக்குச் சென்னை மாகாணத்தார் சாப்பாடு. பெரும்பாலும் தீட்டிய அரிசிச் சோறு. முதல் பந்தி செழித்தது. நம் சோற்றைத் தின்ற எலிகள் நோஞ்சானாயின.

அந்த எலிகளுக்காக இரங்கலாம். ஆனாலும் அவற்றின் முன் விரித்தது நம்முடைய இலை. நாம் தின்றதைத் தின்றன. நம் குறை அவற்றின் உடம்பில் தெரிந்தது.

இன்று கல்லீரல் கொழுப்பு நோயை ஆராய்வதற்கென்று சுண்டெலிகளுக்கு வைக்கும் ஒரு தீனி அப்படிப்பட்டதல்ல. அதில் மெத்தியோனின், கோலின் என்ற இரண்டு சத்துக்கள் மட்டும் வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கும். உலகில் எந்த வீட்டிலும் சமைக்காத சாப்பாடு அது! சில வாரங்களில் ஈரலில் கொழுப்பு சேர்கிறது; வீக்கமும் தழும்பும் தொடர்கின்றன.

நம் ஊர் மஞ்சள் மண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். கிடங்கு இரண்டு விதமாக நிரம்பும். வண்டி வண்டியாகச் சரக்கு வந்து குவிவது ஒரு விதம். வரத்து சாதாரணமாக இருந்தும், கட்டி அனுப்பச் சாக்கு இல்லாமல் தேங்குவது இன்னொரு விதம். ஈரலிலிருந்து கொழுப்பைக் கட்டி அனுப்பும் சாக்குக்கு மூலப்பொருள் கோலின். சுண்டெலிக்கு நாம் சாக்கைப் பிடுங்கிக் கொள்கிறோம். மண்டி முதலாளிக்கோ பெரும்பாலும் வரத்துதான் அதிகம். கூடவே தொந்தி, சர்க்கரை வியாதி. சுண்டெலியோ நாளுக்கு நாள் மெலிகிறது. இரண்டு கிடங்கும் வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பித்தான் இருக்கின்றன.

புரதம் கிடைக்காமல் கால் வீங்கி வாடும் குழந்தைகளுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும். குன்னூரிலேயே பின்னாளில் டாக்டர் கோபாலன் அந்த நோயை ஆராய்ந்தார். மெலிந்த சுண்டெலிக்கு உறவு சொல்ல வேண்டுமானால் அந்தக் குழந்தையைச் சொல்லலாம்.

எலியைத் தொடவே கூடாது என்று நான் வாதாடவில்லை. பொறி வைக்காத கிடங்கு இந்த ஊரில் எத்தனை? ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் போராடியதன் பயனாக 1960-ல் வந்த மிருகவதைத் தடைச் சட்டமும் ஆராய்ச்சியை அடியோடு விலக்கவில்லை. தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்கச் சொல்கிறது, வீண் வலி கூடாது என்கிறது. என் கேள்வி வேறு. எலியை வருத்துவதற்கு நாம் சொல்லும் ஒரே நியாயம், அது நமக்குப் பதிலாள் என்பது. பதிலாளே பொருந்தாவிட்டால் நியாயம் போய்விடுகிறது. வருத்தியது மட்டும் போவதில்லை.

விஞ்ஞானிகள் இதை அறியாதவர்கள் அல்லர். குறை சொல்லி எழுதியவர்களும் அவர்களே. தழும்புக்கு மருந்து தேடுகிறவருக்கு இந்தத் தீனி உதவும் என்பதும் மெய். கொழுப்பைக் கூட்டி, எலி மெலியாதபடி வேறு தீனிகளும் செய்திருக்கிறார்கள். ஆனால் தின்று தின்று மெல்ல வரும் நோயை அதே வழியில் எலிக்கு வரவழைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய தீனியில் சில வாரங்களிலேயே ஈரல் கெட்டுவிடுகிறது. ஆகவே அது இன்னும் வாங்கப்படுகிறது.