வேல் திரும்பி வரும், அம்பு?



வழக்கமா இங்க கோயில், விரதம், திருவிழான்னு தான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன். ரெண்டு வாரமா மனசைக் குடையுது.

"நம்ம முருகனே வேடனா வந்தவர் தானேடா? அப்புறம் வேட்டை எப்படித் தப்பாகும்?"

கேட்டது என்கூட இன்ஜினியரிங் படிச்ச ஃப்ரெண்ட். இப்போ அமெரிக்காவுல கொலராடோவுல வேலை பார்க்கிறான். கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கிறவன். ஆடிக் கிருத்திகை அன்னைக்கு போன் பண்ணி, "செப்டம்பர்ல எல்க் வேட்டைக்குப் போறேன் மச்சான். துப்பாக்கி கிடையாது, வில்லும் அம்பும் தான். வழிகாட்டி யாரும் கிடையாது, எல்லாம் நானே"ன்னு சொன்னான்.

எல்க்ங்கிறது நம்ம மலையில இருக்கிற மிளா மாதிரி பெரிய மான். ஆண் 300 கிலோவைத் தாண்டும். அங்க அரசாங்கக் காடு எல்லா ஜனங்களுக்கும் பொது. அனுமதிச் சீட்டு வாங்கிட்டா யார் வேணும்னாலும் போகலாம். மேப்பைப் பார்த்து தண்ணி எங்க, மேய்ச்சல் எங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஆறு மாசமா பிளான் போட்டிருக்கான். தினமும் சாயங்காலம் வில் பயிற்சி. செப்டம்பர் இணை சேரும் காலம். ஆண் எல்க் கூவும். இவனும் அதே மாதிரி கூவி அதை முப்பது, நாப்பது மீட்டர் கிட்ட வரவழைக்கணும். அம்பு பட்டதும் அங்கேயே விழாது. ஓடும். ரத்தத் தடம் பார்த்துத் தேடிப் போகணும். கிடைச்சதும் அறுத்து, கறியை முதுகுல சுமந்து, நாலஞ்சு நடை மலை இறங்கணும்.

எனக்குப் பதில் வரலை. "ஊருக்குப் போயிட்டு சொல்றேன்"னு வச்சுட்டேன்.

என் ஊர் ராஜபாளையம். பன்றி வேட்டைக்குப் பேர் போன நாயோட ஊர். அடுத்த ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்துக்கிட்டு செண்பகத்தோப்புக்குப் போனேன். மாந்தோப்பு, தென்னந்தோப்பு தாண்டினா மலை. அங்க ஒரு பாறையில உட்கார்ந்து யோசிச்சேன்.

முதல்ல சட்டம். அந்தக் காடு 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021ல மேகமலையோட சேர்ந்து நாட்டோட 51-வது புலிகள் காப்பகம் ஆச்சு. 1972 வனவிலங்குச் சட்டப்படி மிளாவைக் கொல்றது மட்டும் இல்ல, கண்ணி வச்சாலே, முயற்சி பண்ணாலே வேட்டை தான். அங்கேயே குடியிருக்கிற பளியர் ஜனங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு எடுக்கிற உரிமையைக் கொடுத்துச்சு. ஆனா வேட்டை உரிமையை மட்டும் பேர் சொல்லியே விலக்கி வச்சிருக்கு.

கொலராடோவுல நிலைமை வேற. நூறு வருஷம் முன்னாடி அங்கேயும் கண்டபடி சுட்டு எல்க் அழியுற நிலைக்கு வந்துச்சு. அப்புறம் வெளியூர்லேர்ந்து கொண்டு வந்து விட்டு, கட்டுப்பாடு வச்சு வளர்த்தாங்க. இன்னைக்கு ரெண்டரை லட்சத்துக்கும் மேல இருக்கு. எத்தனை எடுக்கலாம்னு கணக்கு இருக்கு. சீட்டு வித்த காசு காட்டைக் காக்கவே போகுது.

அதனால ரெண்டு சட்டமும் அதது இடத்துல நியாயம் தான். ஆனா சட்டம் எண்ணிக்கையைத் தான் பார்க்குது. செத்த அந்த ஒரு மானைப் பார்க்கலை. அந்த ஒண்ணுக்காகத் தானே இவன் என்கிட்ட கேட்டான்?

இதுல நான் நீதிபதி இல்லைங்கிறதையும் சொல்லிடறேன். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் சைவம், ஞாயித்துக்கிழமை மட்டன். ஆட்டைப் பார்த்ததும் இல்ல, அது கத்தினதைக் கேட்டதும் இல்ல. ஆப்ல ஆர்டர் போட்டா பாக்கெட்ல வருது. அவனாவது சுமந்துக்கிட்டு வரப் போறான்.

சரி, முருகன் விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கம் திருவிழாவுல விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீங்க. வேடன் வேஷத்துல முருகன் வருவார், மான் இந்தப் பக்கம் வந்துச்சான்னு கேட்பார். கடைசி வரைக்கும் ஒரு மானையும் அவர் கொல்லலை. அந்த மான் ஒரு சாக்கு. அவர் தேடி வந்தது வள்ளியை.

வள்ளி யாரு? மான் வயித்துல பிறந்தவ. கிழங்கு தோண்டின குழியில கிடந்தவளை எடுத்து வளர்த்தது வேடர் தலைவன் நம்பிராஜன். மானுக்கு மக, வேடனுக்கும் மக. நம்ம கேள்வியோட ரெண்டு பக்கமும் அவகிட்ட இருக்கு. தினைப்புனத்துல கையில கவண் வச்சிருந்தா, கிளியை விரட்டினா. விரட்ட மட்டும் தான் செஞ்சா.

இதை நினைச்சப்போ தான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

பன்னெண்டு வயசுல இதே செண்பகத்தோப்புப் பக்கம், ஒரு மாந்தோப்புல, சித்தப்பா பசங்களோட கவட்டை எடுத்துக்கிட்டு சுத்தினேன். ஒரு புறா மேல கல் பட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. ஆனா அது சாகலை. ஒரு றெக்கை தொங்க, முள்ளுப் புதருக்குள்ள இழுத்துக்கிட்டே போச்சு. உள்ள படபடன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. கையில முள்ளு கிழிக்கும்னு நான் உள்ள போகலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிட்டேன்.

கல்லை விட்டது சின்னப் பையன் விளையாட்டுன்னு விட்டுடலாம். புதருக்குள்ள போகாதது தான் இன்னும் குத்துது. நான் கொடுத்த வலி ஒண்ணு அங்க கிடந்துச்சு, யாரும் பார்க்கலைன்னு நான் வந்துட்டேன்.

சூரசம்ஹாரத்தை யோசிச்சுப் பாருங்க. மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டா பிளந்துச்சு. ஒண்ணு சேவல், ஒண்ணு மயில். எதிரியையே கொடியாவும் வாகனமாவும் ஏத்துக்கிட்டார். வேல் திரும்ப அவர் கைக்கே வந்துச்சு. வள்ளியைக் கூட்டிட்டுப் போனப்போ எதிர்த்து விழுந்து மாண்ட வேடர்களையும் வள்ளி மூலமாவே உயிரோட எழுப்பினார்.

அவரால திருப்பிக் கொடுக்க முடியும். நம்மால முடியாது. நம்ம விட்ட அம்பு திரும்பி வராது. அதனால "முருகனே வேடன்"ங்கிறதை நம்ம அனுமதிச் சீட்டா காட்ட முடியாது.

இந்த மண்ணுக்கே ஒரு வேட்டைக் கதை இருக்கு. வில்லி, கண்டன்னு ரெண்டு வேடர் அண்ணன் தம்பி. வேட்டைக்குப் போன இடத்துல கண்டனைப் புலி கொன்னுடுச்சு. தேடி அலைஞ்ச வில்லி களைச்சுத் தூங்கினப்போ பெருமாள் கனவுல வந்தாராம். அப்புறம் அவன் கோயில் எழுப்பி உருவாக்கின ஊர் தான் ஸ்ரீவில்லிபுத்தூர்னு தல வரலாறு. எனக்கு அதுல பிடிச்சது, வில்லி தேடிப் போனான்ங்கிறது. பாதியில திரும்பி வரலை.

ராத்திரி ஃப்ரெண்டுக்கு போன் பண்ணேன். "போகாதேன்னு சொல்ல எனக்கு அருகதை இல்ல மச்சான். ஆனா முருகன் பேரைச் சொல்லிப் போகாத, உன் பேர்லயே போ. உறுதியா படும்னு தெரியாத அம்பை விடாத. பட்டுடுச்சுன்னா, ரெண்டு நாள் ஆனாலும் தேடாம வராத. இது முடியாதுன்னு தோணுச்சுன்னா வில்லை வீட்டுலயே வச்சிடு"ன்னேன். புறா கதையையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "முப்பது மீட்டருக்கு மேல எய்ய மாட்டேன். வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல. சரி, நீ என்ன பண்ணப் போற? ஆப்ல வர்ற ஆட்டுக்கு யார் பொறுப்பு?"

இப்போ பதில் சொல்ல வேண்டியது நான்.

போன ஞாயித்துக்கிழமை ஆப்ல ஆர்டர் போடலை. கறிக்கடைக்கு நேர்ல போய் நின்னேன். கண்ணை மூடாம பார்த்தேன். அரை கிலோ கேட்க நினைச்சவன் கால் கிலோ தான் கேட்டேன். வீட்டுல ஒரு துண்டு கூட வீணாக்கலை. விட்டுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன், இன்னும் விடலை. ஆனா அந்தப் புதருக்குள்ள ஒரு அடி எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு.

உங்க தட்டுல, உங்க வேலையில, நீங்க பேசின ஒரு வார்த்தையில அடிபட்டு, நீங்க தேடிப் போகாத உயிர் ஏதாவது இருக்கா? இந்தக் கிருத்திகைக்கு விளக்கேத்தும்போது ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா உங்க முருக பக்தர் குரூப்ல ஷேர் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚