உருவம் மறுத்த தீவில் உருவம் பிடித்தல்

உருவ வழிபாட்டை முற்றாக விலக்கிய ஒரு சமயமரபு இன்றளவும் உயிர்ப்போடு நிலவும் தீவொன்றுக்கு, உருவம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் வெளியூரார் வந்துபோவதை முரண் என்று கொள்வதா, அம்மரபின் உள்ளிருந்தே விளக்கத்தக்க ஒன்று என்று கொள்வதா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. ஸ்காட்லாந்தின் வடமேற்கே அட்லாண்டிக் கடலில் நீண்டு கிடக்கும் வெளி ஹெப்ரடீஸ் தீவுத்தொடரில், லூயிஸ் என்ற வடபகுதியோடு ஒரே நிலமாக ஒட்டியிருக்கும் தென்பகுதியே ஹாரிஸ். அதன் மேற்குக் கரையில் உள்ள லஸ்கென்டைர் வெண்மணற் பரப்பும், எதிரே நிற்கும் டாரன்சே தீவும், நொடிக்கு நொடி மாறும் வானமும் நிலக்காட்சிப் புகைப்படக்கலையின் தொடக்கநிலை மாணவர்களை ஈர்க்கின்றன. ஓர் ஆசிரியரும் நான்கைந்து மாணவர்களும் கொண்ட சிறு குழுக்களாக அவர்கள் சில நாட்கள் தங்கிப் பயில்கின்றனர்.

தீவின் சமயம் பிரெஸ்பிட்டீரியன் கிறித்தவம், அதாவது ஆயர்களுக்கு மாற்றாக மூப்பர் அவைகள் நெறிப்படுத்தும், ஜான் கால்வினின் இறையியலைப் பின்பற்றும் சீர்திருத்தச் சபை. அதன் ஆலயங்களில் சிலையோ படமோ இராது. எனினும் ஹாரிஸின் தென்கோடியில், ரோடல் என்னும் ஊரில், சீர்திருத்தத்துக்கு முந்தைய செயின்ட் கிளெமென்ட் ஆலயம் நிற்கிறது. அங்கே 1528ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற மக்லவுட் குலத்தலைவரின் கல்லறையில் கன்னி மரியாள், வேட்டைக்காட்சி, பாய்மரக்கலம் ஆகியவை செதுக்கப்பட்டுள்ளன. 1560இல் ஸ்காட்லாந்து சீர்திருத்தத்தை ஏற்றபின் அத்தகைய செதுக்குவேலைக்கு இடமில்லாமற் போயிற்று. உருவத்தைத் தடுக்கும் விவிலியக் கட்டளையை எழுத்தளவில் எடுத்துக்கொண்டால் வானம், நிலம், நீர் ஆகிய மூன்றின் சாயலும் அதன் எல்லைக்குள் வரும் என்பதும், நிலக்காட்சிப் படத்தில் இம்மூன்றையும் தவிர வேறெதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை.

ஆனால் கால்வின் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 1559இல் நிறைவடிவம் பெற்ற தம் பெருநூலில் அவர் ஓவியத்தையும் சிற்பத்தையும் இறைவன் அருளிய கொடைகளாகவே ஏற்று, கண்ணுக்குப் புலனாகாத இறைவனை வரைதல் கூடாது, கண்ணால் காணத்தக்கவற்றை வரையலாம் என்று எல்லை வகுத்தார். படைப்பு முழுவதையும் இறைமாட்சி விளங்கும் அரங்கமாகக் கண்ட அவருக்கு மலையும் கடலும் பார்க்கத் தகாதவையல்ல; பாராதிருப்பதே நன்றியின்மை. கோயிற்சுவர்களை வெள்ளையடித்த பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் நிலக்காட்சி ஓவியம் தழைத்ததற்கு வணிகச் செழிப்பு முதலிய காரணங்கள் இருந்தாலும், இந்த அனுமதிக்கும் அதில் பங்குண்டு எனலாம். ஆகவே மணற்கரையில் முக்காலியை ஊன்றும் மாணவர் மேலோட்டமாக நோக்கினால் கால்வின் வகுத்த எல்லைக்குள்ளேயே நிற்கிறார்.

சிக்கல் பயிற்சியின் இரண்டாம் கட்டத்தில் எழுகிறது. கேமராவின் ஒளித்துளையையும் திறப்பு நேரத்தையும் கையாளக் கற்ற மாணவருக்கு அடுத்து அறிமுகமாவது ஒளிகுறைப்பான். லென்ஸின் முன்னே பொருத்தப்பெற்று, உட்புகும் ஒளியைப் பன்மடங்கு குறைத்து, திறப்பு நேரத்தை முப்பது நொடிக்கும் மேலாக நீட்டிக்க உதவும் கருங்கண்ணாடி அது. அந்நேரத்துக்குள் வந்துமடியும் அலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கடல் பால்நிறப் பனிப்படலமாகப் படத்தில் அமைகிறது. அந்தக் கடலை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அது பொய்யும் அன்று, ஏனெனில் ஒவ்வோர் அலையும் தன் ஒளியை அங்கே விட்டுச் சென்றுள்ளது. ஆயினும் காணத்தக்கதை மட்டும் வரைக என்ற அளவுகோலுக்கு அது பொருந்துவதும் இல்லை. காலமற்ற அமைதி போன்ற, சமயம் இறைவனுக்கே உரியனவாகக் கருதும் பண்புகளை அப்படம் கடலின்மேல் ஏற்றுகிறது. உருவத்தின் குற்றம் கல்லிலோ மரத்திலோ இல்லை, தான் படைத்ததையே மெய்யென நம்பும் மனத்தில் உள்ளது என்ற கால்வினின் கருத்தை இவ்விடத்தில் பொருத்திப் பார்க்கலாம். படத்தின் மென்கடலில் மனம் தோய்ந்தவருக்கு, நேரில் இரைச்சலிட்டு நுரைக்கும் கடல் குறைபாடுடையதாகத் தோன்றத் தொடங்குமானால், சாயல் மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்றே கொள்ளவேண்டும்; சிலை உடைத்தோர் அஞ்சியது இதைத்தான்.

சட்டகத்துக்குள் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விலக்குவது என்பதையே பயிற்சி பெரிதும் வலியுறுத்துகிறது. மின்கம்பம், வேலி, வீடு, ஆள் ஆகியவை நீங்கினால் காட்சி தூய்மை பெறும் என்பது தொடக்கநிலைப் பாடம். லஸ்கென்டைரைப் பொறுத்தவரை இப்பாடம் வரலாற்றோடு மோதுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் தேவை என்று நிலவுடைமையாளர்கள் மேற்குக்கரையின் மாஹெர் நிலத்திலிருந்து, அதாவது சிப்பித்துகள் கலந்த மணலில் புல்லும் பூவும் செழிக்கும் கடற்கரைச் சமவெளியிலிருந்து, குடிகளை வெளியேற்றினர். பலர் கிழக்குக் கரையின் பாறைச்செறிவுக்குத் தள்ளப்பட்டு, கடற்பாசியையும் கரிமண்ணையும் பாறைமேல் வரப்பாகக் குவித்து உருளைக்கிழங்கு பயிரிட்டனர். அங்கே பிணம் புதைக்கவும் போதிய ஆழத்துக்கு மண் இல்லாமையால், இறந்தோரை மலை கடந்து மேற்குக்கரைக்கே தோளில் சுமந்து வந்தனர். அந்த வழி இன்றும் சவப்பெட்டிப் பாதை என்றே வழங்குகிறது. எனவே மாணவர் ஆளின்றி எடுக்கும் கடற்கரையின் வெறுமை, படைப்பின் முதல்நாள் வெறுமை அன்று. வாடகைக் கணக்கும் வெளியேற்ற ஆணையும் உண்டாக்கிய வெறுமை. அதைக் கன்னிநிலமாகக் காட்டி வியப்பது, அறியாமையால் நேர்வதாயினும், அறவகையில் வெறும் அழகியல் விருப்பாக நின்றுவிடுவதில்லை.

இதற்கு மாற்று வழியொன்று அதே தீவுத்தொடரில் காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் 1954இல் மூன்று மாதங்கள் தெற்கு யூயிஸ்ட் தீவில் தங்கி எடுத்த படங்கள், 1962இல் கேலிக் மொழித் தலைப்பு தாங்கி நூலாயின. பாறையும் கடற்பாசியும் நிறைந்த பக்கத்தை அடுத்து ஒரு முதியவளின் முகம், அதையடுத்து வாசற்கதவு எனச் செல்லும் அந்நூலில் நிலம் குடிகளோடு சேர்ந்தே பொருள் தருகிறது. தெற்கு யூயிஸ்ட் கத்தோலிக்கத் தீவு என்பதையும், வழியோர மாதா உருவங்கள் அங்கே இயல்பானவை என்பதையும் கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவ வேண்டியதில்லை.

ஓய்வுநாள் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. பிரெஸ்பிட்டீரியன் சபையின் போதனைநூலாகிய, 1647இல் முடிவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, பிற நாட்களில் முறையான தொழிலையும் பொழுதுபோக்கையும் கூட ஞாயிறன்று விலக்கி, இன்றியமையாப் பணிக்கும் இரக்கப் பணிக்கும் மட்டுமே விலக்களிக்கிறது. லூயிஸின் ஸ்டோர்னோவே துறைமுகத்திலிருந்து ஞாயிறு பயணியர் கப்பல் 2009இல்தான், கடும் எதிர்ப்புக்கிடையே, ஓடத் தொடங்கியது. இந்நெறிப்படி புகைப்படப் பயிற்சி ஆசிரியருக்கு ஞாயிறு விடியல் தொழில், மாணவருக்குப் பொழுதுபோக்கு, இரண்டும் விலக்கப்பட்டவை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அதே கரையில் அதே ஒளியைப் பார்த்து நிற்பதில், அது இறைநினைவோடு கூடியதாயின், மிகக் கண்டிப்பான மூப்பரும் பெரிதாகக் குறைகாணமாட்டார். சில நாட்களுக்கே பணம் கட்டி வந்திருக்கும் மாணவருக்கு, மேகம் விலகி டாரன்சேயின்மீது வெயில் விழும் அந்தக் காலையை எடுக்காமல் விடுவது எவ்வளவு கடினமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவருடைய பார்வை தான் கையகப்படுத்தப்போகும் படத்துக்கு முன்னரே கட்டுப்பட்டிருக்கிறது.